சிதம்பரத்துக்குப் பொன் கூரை போட்ட சோழன்... கடைசி வரை கைக்கு வராத ஒரு மணிமுடி! யார் இந்த முதலாம் பராந்தகன்?

இன்னைக்கு சவரன் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் பலருக்கும் பொழுதே விடிகிறது. வாங்குகிறோமோ இல்லையோ, விலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கையில் பணம் மட்டும் இருந்தால் ஆசைப்பட்ட எந்த நகையையும் வாங்கிவிடலாம் என்பதுதான் நம் எல்லோருடைய நினைப்பும்.

ஆனா, சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு மன்னரிடம் தங்கத்துக்குக் குறைவே இல்லை. ஒரு சந்நிதியின் கூரையையே பொன்னால் மூடும் அளவுக்கு இருந்தது. அப்படிப்பட்டவருக்கும் ஒரே ஒரு நகை மட்டும் கிடைக்கவே இல்லை. தூது அனுப்பிப் பார்த்தார். கடல் தாண்டிப் படையும் அனுப்பினார். அப்போதும் வெறுங்கைதான்.

அந்த மன்னர், முதலாம் பராந்தக சோழன். அந்தப் பொன் கூரை, கடலூர் மாவட்டம் சிதம்பரம் நடராஜர் கோயிலில் இருப்பது. அவர் ஆசைப்பட்ட நகை, மதுரைப் பாண்டியர்களின் மணிமுடி.

அந்த முடியில் அப்படி என்னதான் இருந்தது? அதற்காக அவர் எவ்வளவு தூரம் போனார்? விரிவாகப் பார்ப்போம்.

சின்ன ராஜ்ஜியத்தின் பெரிய வாரிசு

சோழர்கள் என்றதும் ராஜராஜனும் ராஜேந்திரனும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனா, அவர்களுக்கு முன்பே சோழ நாட்டைப் பெரிதாக்கிக் காட்டியவர் பராந்தகன்.

அவருடைய தாத்தா விஜயாலயன், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையைப் பிடித்தவர். அப்பா முதலாம் ஆதித்தன், பல்லவ மன்னர் அபராஜிதனை வீழ்த்தித் தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தவர். 907 வாக்கில் பராந்தகன் அரியணை ஏறியபோது, வடக்கே இடம் கிடைத்துவிட்டது. தெற்கே மதுரை மட்டும் பாண்டியர் கையில் இருந்தது.

பராந்தகன் சுமார் 48 ஆண்டுகள் ஆண்டார். ஓர் அரசன் இவ்வளவு காலம் ஆள்வது அந்தக் காலத்தில் அபூர்வம். ஆட்சிக்கு வந்ததும் அவர் கை வைத்த முதல் இடமே மதுரைதான்.

மதுரை கிடைச்சது... முடி கிடைக்கல!

அப்போது மதுரையை ஆண்டவர் பாண்டிய மன்னர் இரண்டாம் ராஜசிம்மன். தேனி மாவட்டம் சின்னமனூரில் கிடைத்த புகழ்பெற்ற பெரிய செப்பேடு இவர் வெளியிட்டதுதான்.

ஆட்சிக்கு வந்த மூன்றாவது ஆண்டிலேயே, அதாவது 910 வாக்கில், மதுரை கொண்டவர் என்ற பட்டம் பராந்தகன் கல்வெட்டுகளில் வந்துவிடுகிறது. ஆனா, ராஜசிம்மன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. இலங்கை மன்னர் ஐந்தாம் காசியப்பனிடம் உதவி கேட்டார். அங்கிருந்து ஒரு பெரிய படை வந்து இறங்கியது.

915 வாக்கில் வெள்ளூர் என்ற இடத்தில் பாண்டிய - இலங்கைக் கூட்டுப்படையைப் பராந்தகனின் படை தோற்கடித்தது. அதன் பிறகு இலங்கைப் படைத் தளபதி நோய் தாக்கி இறந்துபோனார். காசியப்பன் மிச்சமிருந்த படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

ராஜசிம்மனுக்கு இனி மதுரையில் இடமில்லை. அவர் இலங்கைக்குத் தப்பினார். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. பாண்டியர்களின் மணிமுடியையும், பரம்பரை அரச அணிகலன்களையும் எடுத்துக்கொண்டு போனார்.

இலங்கையில் அவருக்கு அடைக்கலம் கிடைத்தது. ஆனா, எதிர்பார்த்த படை உதவி இந்த முறை கிடைக்கவில்லை. மனமுடைந்த ராஜசிம்மன், முடியையும் நகைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, தாய் வழி உறவான சேர நாட்டுக்குப் போய்விட்டார். இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறது.

ஆக, பராந்தகனிடம் மதுரை இருந்தது. கோட்டை, கஜானா, வரி எல்லாம் அவர் கைக்கு வந்தன. மதுரையின் முடி மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஒரு முடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இங்கேதான் ஒரு கேள்வி வரும். தங்கமும் ரத்தினமும் இருக்கிறது, பொற்கொல்லர்களும் இருக்கிறார்கள். அதே மாதிரி ஒரு முடியைச் செய்து சூட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

முடியாது. ஏன்னா, அந்த முடியின் மதிப்பு அதிலுள்ள பொன்னின் எடையில் இல்லை. அது யார் யார் தலையில் இருந்தது என்பதில் இருந்தது. பரம்பரையாகப் பாண்டியர்கள் சூடிய முடியை வைத்திருப்பவர்தான் பாண்டிய நாட்டுக்கு முறையான அரசர் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. போரில் ஜெயித்தவர் மதுரையைப் பிடித்தவர் ஆகலாம். ஆனா, மதுரையின் அரசராக முடிசூட்டிக்கொள்ள அந்த முடி வேண்டும்.

முடியோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு அணிகலன், இந்திரன் ஆரம். தேவேந்திரனே பாண்டிய மன்னனுக்குக் கொடுத்த மாலை, சாதாரண மனிதர்களால் தூக்கவே முடியாத அந்த மாலையைப் பாண்டியன் அலட்டிக்கொள்ளாமல் அணிந்துகொண்டான் என்பது பழங்கதை. சிலப்பதிகாரத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு உண்டு.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. ஹங்கேரி நாட்டில் புனித முடி என்று ஒன்று உண்டு. அதைச் சூட்டிக்கொள்ளாத மன்னரை அந்த நாட்டு மக்கள் முறையான அரசராகவே ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அது அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போனது. தங்கக் கையிருப்புக்குப் பெயர்போன ஃபோர்ட் நாக்ஸில் பத்திரமாக வைத்திருந்து, 1978இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னராட்சி முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த முடிக்காக ஒரு நாடு காத்திருந்தது.

பராந்தகனின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான்.

சிதம்பரத்தில் பொன் கூரை

இந்த இடைப்பட்ட காலத்தில் பராந்தகனின் ராஜ்ஜியம் வேகமாக வளர்ந்தது. வடக்கே ராஷ்டிரகூட மன்னர் இரண்டாம் கிருஷ்ணனின் படையை வல்லம் என்ற இடத்தில் தோற்கடித்தார். வேலூர் மாவட்டத்தில் உள்ள இன்றைய திருவல்லம்தான் அது. வீரசோழன் என்ற பட்டம் அந்த வெற்றியின் அடையாளம்.

நாலு திசையிலிருந்தும் பொன் வந்து சேர்ந்தது. அதைப் பராந்தகன் என்ன செய்தார்? சிதம்பரம் நடராஜர் ஆடும் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தார்.

இதைச் சொல்வது வெறும் செவிவழிக் கதை இல்லை. பின்னால் வந்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரோடு சேர்த்து லெய்டன் செப்பேடு என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடும் சொல்கிறது. தன் தோள் வலிமையால் திசையெல்லாம் வென்று கொண்டுவந்த பொன்னால் பராந்தகன் இதைச் செய்தார் என்பது அதன் சாரம். பராந்தகனின் மகன் கண்டராதித்தர் பாடியதாகக் கருதப்படும் திருவிசைப்பாப் பதிகத்திலும், பாண்டிய நாட்டையும் ஈழத்தையும் வென்ற சோழன் தில்லையைப் பொன்னால் வேய்ந்த செய்தி இருக்கிறது.

இன்று நாம் பார்க்கும் கூரையில் 21,600 பொன் ஓடுகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பது ஐதீகம். ஓடுகளைப் பிணைக்கும் ஆணிகள் 72,000, அவை உடலில் உள்ள நாடிகளின் எண்ணிக்கை என்றும் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய கூரையில் இருக்கும் பொன் மொத்தமும் பராந்தகன் போட்டது இல்லை. குலோத்துங்கன் காலத்துத் தளபதி நரலோக வீரன் இந்தக் கோயிலுக்குப் பொன் வேய்ந்திருக்கிறார். விக்கிரம சோழன் 1128 வாக்கில் பெரும் பொன் செலவில் திருப்பணி செய்திருக்கிறார். அவர்களுக்குப் பிறகும் பலர் செய்திருக்கிறார்கள். ஆனா, சோழர்களில் இந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவராகச் செப்பேடுகள் கொண்டாடுவது பராந்தகனைத்தான்.

பொன்னுக்கே ஒரு வாரியம்!

பராந்தகன் காலத்தில் பொன்னை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்பதற்கு இன்னொரு சான்று காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் இருக்கிறது.

குடவோலை முறை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பராந்தகன் ஆட்சியில் வெட்டப்பட்டவைதான். ஊர்ச் சபைக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. அதில் ஒன்று பொன் வாரியம். பொன் தொடர்பான வேலைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு குழு.

இன்று நாம் நகையைத் திருப்பிப் பார்த்து ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா, 916 என்று போட்டிருக்கிறதா என்று தேடுகிறோம் அல்லவா? பொன் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்ற அக்கறை அப்போதே இருந்திருக்கிறது. அதுவும் கிராம அளவில்.

தூது போனது... பதில்?

மறுபடி முடிக்கு வருவோம். மதுரையைப் பிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பராந்தகன் அந்த முடியை மறக்கவில்லை.

940-களில் இலங்கையில் உதயன் என்ற மன்னர் ஆண்டார். அவரை மதுவுக்கு அடிமையான, சோம்பேறி அரசராகச் சூளவம்சமே வர்ணிக்கிறது. இதுதான் சரியான நேரம் என்று பராந்தகன் நினைத்திருக்க வேண்டும். பாண்டியன் விட்டுப்போன முடியையும் அணிகலன்களையும் தரச் சொல்லித் தூது அனுப்பினார்.

உதயன் மறுத்துவிட்டார்.

பராந்தகனின் படை கடல் கடந்தது. இலங்கைப் படை தோற்றது. தளபதி களத்திலேயே இறந்தார். அவ்வளவுதான், முடி கைக்கு வந்துவிடும் என்ற நிலை. அந்த நேரத்தில் உதயன் முடியையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு தீவின் தென்பகுதியில் உள்ள ரோகண நாட்டுக்கு ஓடிவிட்டார். காடும் மலையும் நிறைந்த அந்தப் பகுதிக்குள் சோழப் படையால் நுழைய முடியவில்லை. திரும்பிவிட்டது.

இந்தச் சமயத்துக் கல்வெட்டுகளில் பராந்தகனின் பட்டம் மாறுகிறது. மதுரையோடு ஈழமும் கொண்டவர் என்று எழுதத் தொடங்குகிறார்கள். பட்டம் பெரிதானது உண்மை. ஆனா, போனது எதற்காகவோ அது மட்டும் வரவில்லை. சோழர்கள் அள்ளிக்கொண்டு போன பொருட்களையும் பிறகு மிரட்டித் திரும்ப வாங்கிவிட்டதாகச் சூளவம்சம் சொல்கிறது.

தெற்கே முடி... வடக்கே இடி!

அதே 940-களில் வடக்கே மேகம் திரண்டது. ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணனும், அவருடைய மைத்துனரான கங்க மன்னர் பூதுகனும் சோழ நாட்டைக் குறிவைத்தார்கள்.

இதை எதிர்பார்த்துத்தான் பராந்தகன் தன் மூத்த மகன் ராஜாதித்தனைப் பெரும் படையோடு திருமுனைப்பாடிப் பகுதியில் நிறுத்தியிருந்தார். கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களில் பரவியிருந்த பகுதி அது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூர், இளவரசரின் பெயரால் ராஜாதித்தபுரம் என்றே அழைக்கப்பட்டது.

949. அரக்கோணம் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் இரு படைகளும் மோதின. யானை மேல் இருந்து போர் செய்துகொண்டிருந்த ராஜாதித்தன் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர் பூதுகன் என்று கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. யானை மேல் துஞ்சிய தேவர் என்று சோழர் வரலாற்றில் அவருக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டியதெல்லாம் சரியத் தொடங்கியது. தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று மூன்றாம் கிருஷ்ணன் பட்டம் போட்டுக்கொண்டார். தெற்கே பாண்டியர்களும் தலையெடுத்தார்கள். முடிக்காகக் காத்திருந்தவரிடமிருந்து மதுரையே நழுவியது.

955 வாக்கில் பராந்தகன் மறைந்தார். மூத்த மகன் இல்லை. இரண்டாவது மகன் கண்டராதித்தர் சுருங்கிப்போன ஒரு நாட்டுக்கு அரசரானார்.

கூடவே சாகலையே என்று துறவியானவர்

தக்கோலம் போரோடு சேர்ந்த ஒரு மனிதரின் கதை இன்னும் கல்வெட்டில் இருக்கிறது.

ராஜாதித்தனின் படையில் வெள்ளன் குமரன் என்ற தளபதி இருந்தார். கேரளத்தைச் சேர்ந்தவர். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் உள்ள கிராமம் என்ற ஊரில், 943இல் சிவன் கோயிலைக் கல்லால் கட்டியவர் இவர்.

தக்கோலத்தில் இளவரசர் இறந்தபோது, அவருக்கு நெருங்கிய கேரளத் தோழர் ஒருவர் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகும் பேறு தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வேதனையில் அவர் கங்கைக்குப் போய் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவராக வாழ்ந்தார். திருவொற்றியூர்க் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அந்தத் தோழர்தான் வெள்ளன் குமரன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கடைசியில் அந்த முடி யாருக்குக் கிடைத்தது?

பராந்தகனின் மகன் அரிஞ்சயன். அவர் மகன் சுந்தர சோழன். அவர் மகன் ராஜராஜன். அவர் மகன் ராஜேந்திரன். அதாவது, பராந்தகனின் எள்ளுப்பேரன்.

1017 வாக்கில் ராஜேந்திரனின் படை இலங்கைக்குள் புகுந்தது. இந்த முறை ரோகணக் காடும் தடுக்கவில்லை. மன்னர் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். இலங்கை அரசரின் முடி, அவருடைய தேவியரின் முடி, பாண்டியன் விட்டுப்போன முடி, இந்திரன் ஆரம் என்று கைப்பற்றியதை எல்லாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி வரிசையாகப் பட்டியல் போடுகிறது. பராந்தகன் மதுரையைப் பிடித்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் ராஜேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினார். முடி கைக்கு வந்த பிறகே அந்தப் பட்டமும் முழுமை பெற்றது.

ஆனா, இந்தக் கதையின் விலையையும் பார்க்க வேண்டும். முடியைப் பறிகொடுத்த மகிந்தன் சுமார் 12 ஆண்டுகள் சோழ நாட்டில் கைதியாகவே இருந்து இறந்துபோனார். அடைக்கலம் வந்தவர் விட்டுப்போன பொருளைக் காத்த நாடு, நூறு ஆண்டுகளில் பலமுறை படையெடுப்பைச் சந்தித்தது. அந்த முடிக்குச் சொந்தக்காரரான ராஜசிம்மன், அதை மறுபடி தலையில் வைக்கவே இல்லை.

இப்போ மிச்சம் இருப்பது என்ன?

பாண்டியர் மணிமுடியும் இந்திரன் ஆரமும் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் பாதுகாத்தும் பறித்தும் வைத்த நகைகள் நம் காலம் வரை வரவில்லை.

பராந்தகன் பெயர் சொல்லும் இரண்டு விஷயங்கள் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒன்று, சிதம்பரத்தின் பொன்னம்பலம். காலம்தோறும் யாராவது ஒருவர் பழுது பார்த்து, புதுப் பொன் சேர்த்து, 1,000 ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உள்ள வீராணம் ஏரி. வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். அந்தப் பெயரில் வெட்டப்பட்ட வீரநாராயணன் ஏரிதான் பேச்சுவழக்கில் வீராணம் ஆனது. தக்கோலம் போருக்கு முன்பு இந்தப் பகுதியில் காத்திருந்த படைவீரர்களை வைத்து ராஜாதித்தன் இதை வெட்டினார் என்பது ஊர் வழக்கு. கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. முழுக் கொள்ளளவு 47.5 அடி. இன்றும் டெல்டாவின் கடைமடை வயல்களுக்குப் பாசனம் தருகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது.

ஏரி நிரம்பியது என்ற செய்தியை மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் படிக்கிறோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் சென்னைவாசிகளில் பலருக்கு, அந்த ஏரிக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு முடிக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார் என்பது தெரியாது.